கிண்ணிப்பூ ஏன் பச்சையில் சுடுகிறது

அந்தக் காலத்தில், செடி கொடிகளுக்கும் வாய் இருந்த காலத்தில், மலை உச்சியில் ஒரு புல்வெளி இருந்தது. ஒரு பக்கம் சோலைக்காடு, மறுபக்கம் சதுப்பு. அந்தச் சதுப்பின் ஓரத்தில் கிண்ணி என்கிற செடிக் கூட்டம் குடியிருந்தது. விரல்களை விரித்தாற்போல் இலை, முழங்கால் உயரத்துக்குத் தண்டு, அதன் நுனியில் ஐந்து இதழில் ஒரு மஞ்சள் பூ. நெய் தடவிய சின்னக் கிண்ணம் மாதிரி அது வெயிலில் மினுமினுக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

அன்றைக்கு உலகத்தில் ஒரு செடிக்கும் விஷம் கிடையாது. எருக்கை ஒடித்தால் வெறும் தண்ணீர்தான் வடியும். செந்தட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கலாம், அரிக்காது. அதிலும் கிண்ணியின் இலை தித்திப்பு. நாக்கில் பட்டதும் கரையும். நல்ல குணமும் நல்ல ருசியும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் ஊர் சும்மா விடுமா?

விஷமும் இல்லாமல் முள்ளும் இல்லாமல் செடிகள் எப்படிப் பிழைத்தன என்று கேட்பீர்கள். ஒரு முறை இருந்தது. பூவெடுத்த செடியில், விதை உதிரும்வரை யாரும் வாய் வைக்கக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வழி விடுவதுபோல் எருமைக் கூட்டம் அந்தச் செடியை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு போகும். விதை விழுந்த பிறகு இலையையும் தண்டையும் மேய்ந்துகொள்ளலாம். வேர் அடுத்த வருடம் மறுபடி தழைக்கும். எல்லாருக்கும் வயிறு நிறைந்தது, எல்லார் குலமும் வாழ்ந்தது.

அந்த முறையைக் கெடுத்தது எருமை இல்லை. கிண்ணிதான். சதுப்பின் தென்மூலையில் நின்ற ஒரு கிண்ணி. இளகிய மனசுக்காரி.

ஒரு பங்குனி மாதம். தை உறைபனியில் கருகிய புல் இன்னும் துளிர்க்கவில்லை. வெளி முழுக்கப் பழுப்பாகக் கிடந்தது. சதுப்போரத்தில் மட்டும்தான் பச்சை, அங்கேயும் கிண்ணிகள் பூவெடுத்து நின்றார்கள். எருமைக் கூட்டத்துக்கு மூத்தவள் கரியாள். அவளுக்கு அந்த வாரம்தான் கன்று பிறந்திருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த பெண்கன்று. மடியில் சொட்டுப் பால் இல்லை. கரியாள் தள்ளாடிக்கொண்டு வந்து கிண்ணியின் முன்னால் மண்டியிட்டாள்.

"தாயே, ஒரே ஒரு வாய் குடு. கன்னு கத்தக்கூட தெம்பில்லாம கெடக்குது. முறை தப்புன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். இந்த ஒரு தடவை."

பக்கத்துக் கிண்ணிகள் எல்லாம் "கொடுக்காதேடி, கொடுக்காதே" என்று தலையை ஆட்டினார்கள். கிண்ணிக்குக் கேட்டது அந்தக் கன்றின் மூச்சு மட்டும்தான். புஸ் புஸ்ஸென்று அது இழுத்துக்கொண்டிருந்தது.

"அழாதே அக்கா, சாப்பிடு. விதை அடுத்த வருசம் விழுந்தா போச்சு" என்று சொல்லிப் பூவோடு குனிந்து கொடுத்தாள்.

பால் சுரந்தது. கன்று பிழைத்தது. அதற்குச் சுட்டி என்றே பெயர் வைத்தார்கள். நடக்கத் தெரிந்ததும் அது நேராகக் கிண்ணியிடம் ஓடிவந்து, "அத்தே" என்று கூப்பிட்டு மூக்கை உரசிவிட்டுப் போகும். பெற்ற பிள்ளை மண்ணில் விழாத கிண்ணிக்கு அந்த ஒரு வார்த்தையில் வேர்வரைக்கும் குளிர்ந்துவிடும்.

அடுத்த பங்குனியில் கரியாள் வந்தாள். மண்டியிடவில்லை. "என்னம்மா, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே வாய் வைத்துவிட்டாள். அதற்கு அடுத்த பங்குனியில் சௌக்கியமும் விசாரிக்கவில்லை. கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கிண்ணியைப் பூவோடு மேய்ந்தாயிற்று, மற்றவர்கள் மட்டும் என்ன உசத்தி என்று வரிசையாக எல்லாரையும் மேய்ந்தார்கள். சதுப்போரத்தில் முப்பது கிண்ணிகள் இருந்தார்கள். ஒருத்தியின் விதையும் தரையைத் தொடவில்லை. வேர் கிழடுதட்டி ஒவ்வொருத்தியாகச் செத்தார்கள். சாகும்போது அத்தனை பேரும் தென்மூலையைப் பார்த்துச் சொன்ன பேச்சு ஒன்றுதான்.

"நல்லவ பேரு வாங்கினியே, நல்லா இரு."

 

இப்படியே மொத்தம் நாலு வருடம் போனது. ஐந்தாம் பங்குனி வந்தபோது முப்பதில் மிச்சம் இருந்தவள் கிண்ணி ஒருத்திதான். அவள் வேரும் இற்றுப்போயிருந்தது. இன்னொரு பூ எடுக்கத் தெம்பில்லை என்று அவளுக்கே தெரிந்தது. இந்தப் பூவின் விதை மண்ணில் விழுந்தால் கிண்ணிக் குலம் உண்டு. விழாவிட்டால் அப்படி ஒரு செடி இருந்ததாகவே ஒருவருக்கும் தெரியாது.

சோலையின் ஓரத்தில் நின்ற நாவல் மரம்தான் அந்த வெளிக்கு நாட்டாமை. கிண்ணி அவரிடம் முறையிட்டாள்.

"ஐயா, என் கடைசிப் பூ. பூவெடுத்தவளைத் தொடக் கூடாதுங்கிறது நம்ம முறைதானே? அதைச் சொல்லி நிறுத்துங்க."

நாவல் மரம் நிதானமாகக் கிளையைச் சொறிந்துகொண்டது. "முறைதாம்மா. நான் இல்லேங்கலை. ஆனா நீயா மனசார விட்டுக் கொடுத்தே. அதை மூணு வருசத்துக்கு மேல அவங்க அனுபவிச்சுட்டாங்க. மூணு வருசம் நடந்தா அது வழக்கம். வழக்கத்தை மாத்தினா நாளைக்கு என்னை யாரு மதிப்பா?"

"உசுரு போகுதுன்னு ஒருத்தி கெஞ்சினா, குடுத்தேன். அது தப்பா ஐயா?"

"தப்புன்னு யாரு சொன்னா? புண்ணியம்தான். ஆனா வழக்கம் வழக்கம்தான்."

தீர்ப்பு முடிந்தது. உயரத்தில் காய்க்கிற மரத்துக்கு எருமை வாய் எட்டுமா? அதுதான் அத்தனை நிதானம்.

கிண்ணி பக்கத்தில் நின்ற கோரையைப் பார்த்தாள். "நீயாவது எனக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

கோரை குரலைத் தாழ்த்திக்கொண்டது. "தப்பா நெனைக்காதே கிண்ணி. அவங்க உன்னை மேயறவரைக்கும் எங்க பக்கம் வர்றதில்ல. எனக்கும் புள்ளை குட்டி இருக்குல்ல?"

மறைக்காமல் சொல்லிவிட்டது. அந்தமட்டுக்கு அது யோக்கியம்.

மறுநாள் காலை மூங்கில் விரியன் ஒன்று வெயில் காய அந்தப் பக்கம் வந்தது. இலை நிறத்தில் பச்சைப் பாம்பு. விஷம் அன்றைக்கு அவன் ஒருவனிடம்தான் இருந்தது. அதனால் அவனிடம் ஒருவரும் பேசுவதில்லை. கிண்ணி பேசினாள்.

"அண்ணே, உங்க விஷத்துல எனக்குக் கொஞ்சம் குடுப்பீங்களா?"

விரியன் தலையைத் தூக்கிப் பார்த்தான். தன்னை ஒருத்தி அண்ணன் என்றது அவனுக்குப் புதிது. "யாரைக் கொல்லணும்?"

"கொல்ல வேண்டாம். வாய் வெச்சா சுடணும். சுட்டா விட்டுட்டுப் போயிடணும். அவ்வளவுதான்."

"விஷம் சுமக்கிறது லேசில்ல தங்கச்சி. உன் உடம்பையே முதல்ல தின்னுடும். வேணும்னா ரெண்டாப் பிரிச்சுத் தர்றேன். ஒரு பாதி இனிப்பா இருக்கும். இன்னொரு பாதி சப்புன்னு இருக்கும். ஒவ்வொரு இலைக்குள்ளயும் ரெண்டையும் தனித்தனி அறையில வெச்சுக்க. உன்னை யாரும் கசக்காதவரை உனக்கும் ஒண்ணுமில்ல, அடுத்தவனுக்கும் ஒண்ணுமில்ல. பல்லுப் பட்டு இலை நசுங்கினா நடுச்சுவர் ஒடையும். ரெண்டும் கலக்கும். கலந்தா நெருப்பு."

"அது போதும் அண்ணே."

"போதுமா? இன்னொண்ணு கேட்டுக்க. உனக்குக் குடுத்தா உன் வம்சத்துக்கே குடுத்த மாதிரி. வடக்க பனிமலையில இருக்காளே உன் ஒண்ணுவிட்ட அக்கா நாபி, அவளுக்கும் போகும். அவ கோவக்காரி, உன்னை மாதிரி சுட்டு விடமாட்டா, நெஞ்சையே நிறுத்திடுவா. கீழ்நாட்டுல இருக்கிற உன் தங்கச்சி கருஞ்சீரகத்துக்கு வெறும் கசப்பு மட்டும் எட்டும். அது அவங்கவங்க பாடு. ஆனா ஒண்ணு, விஷத்துக்கு மொகம் பார்க்கத் தெரியாது. இவ வேண்டியவ, அவ வேண்டாதவன்னு அது பிரிச்சுப் பார்க்காது."

"முதல்ல வாய் வைக்கிறவ கரியாள்தான் அண்ணே. அந்தக் கூட்டத்துல மூத்தவதான் எப்பவும் முதல்ல. அவ ஒருத்திக்குச் சுட்டா மத்தவங்க தானா ஓடிடுவாங்க" என்றாள் கிண்ணி.

விரியன் தண்டில் சுற்றி ஏறி, இலைக் காம்புகளில் பல்லைப் பதித்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனான். கிண்ணிக்கு உடம்பெல்லாம் விறுவிறுத்தது. சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. பூ எப்போதும்போல் மினுமினுத்தது. பார்த்தவர்கள் யாரும் ஒரு வித்தியாசமும் சொல்லியிருக்க முடியாது.

மூன்றாம் நாள் எருமைக் கூட்டம் இறங்கி வந்தது. தரை அதிர்வது வேரில் தெரிந்ததும் கிண்ணி நிமிர்ந்து நின்றாள். இந்த ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவளுக்குப் பயமில்லை. வாடி வா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் கரியாள் பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள். "சுட்டி, நீ போ முதல்ல. நெறைமாசக்காரிக்குத்தான் முதல் வாய். நம்ம வழக்கம்."

கிண்ணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. எருமைகளுக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கூட்டத்தில் சூல்கொண்டவள் இருந்தால் மூத்தவள்கூட ஒதுங்கி நிற்க வேண்டும். வஞ்சத்தை நினைத்துக்கொண்டே இருந்ததில் அது புத்திக்கு வராமல் போய்விட்டது. தங்கள் வீட்டுச் சூலிக்கு எத்தனை மரியாதை பாருங்கள்! எதிரே பூவோடு நிற்கிறவளும் சூலிதான் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

சுட்டி வயிற்றைச் சுமந்துகொண்டு மெல்ல நடந்து வந்தாள். நெற்றி வெள்ளை வெயிலில் தெரிந்தது. வந்ததும் மூக்கை உரசினாள்.

"அத்தே, நல்லா இருக்கீங்களா? நெறைமாசத்துல எதைத் தின்னாலும் வெளிய வருது. உங்க ருசி ஒண்ணுதான் நாக்குல நிக்குது."

கிண்ணி இலைகளைப் பின்னுக்கு ஒதுக்கிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அத்தே. இந்தத் தடவை இலை மட்டும்தான். அதுவும் ரெண்டே ரெண்டு. பூவை ஒருத்தரும் தொடக் கூடாதுன்னு அம்மாகிட்டச் சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். நானும் ஒண்ணைச் சுமக்கறேன்ல, எனக்குத் தெரியாதா?"

வேண்டாம்டி என்று ஒரு வார்த்தை. அதைத்தான் கிண்ணி சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிக்கு வந்தது. அப்போது சுட்டியின் தோளுக்கு மேலாகக் கரியாளின் கொம்பு தெரிந்தது. இப்போது வாயைத் திறந்தால் விஷம் இருப்பது தெரிந்துவிடும். தெரிந்தால் கரியாள் வாய் வைக்க மாட்டாள், கொம்பால் வேரோடு கிளறிப் போட்டுவிடுவாள். விதை இன்னும் பச்சை. இன்னும் பன்னிரண்டு நாள் வேண்டும். பூவைத் தொட மாட்டார்கள் என்று இந்தப் பெண் சொல்கிறாள். இந்த ஒரு தடவை என்று இவள் அம்மாவும்தான் சொன்னாள். நம்பினதற்குத்தான் இருபத்தொன்பது பேர் செத்தார்கள்.

கிண்ணி வாயை மூடிக்கொண்டாள்.

சுட்டி சொன்னபடி இரண்டே இலையைக் கடித்தாள். பூவில் மூச்சுக்கூடப் படாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு கடித்தாள். ஒரு தரம் மென்றாள். இரண்டாம் தரம் மெல்லும்போது சுவர் உடைந்து இரண்டும் கலந்தது.

ஐயோ, அந்தப் பெண் போட்ட சத்தம்! சோலையிலிருந்த பறவையெல்லாம் கிளம்பிவிட்டன. உதடு வீங்கி, நாக்கு முழுக்கக் கொப்புளம் எழும்பி, வாயிலிருந்து நுரையும் எச்சிலுமாக ஒழுகியது. சதுப்புத் தண்ணீரில் முகத்தை முக்கி முக்கி எடுத்தாள். தண்ணீர் பட்டதும் இன்னும் எரிந்தது. எருமைக் கூட்டம் மிரண்டு நாலு திசையிலும் சிதறியது. கரியாள் கூட்டத்துக்கும் முன்னால் ஓடினாள். சுட்டி மட்டும் திரும்பி நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிய, வீங்கிய வாயால் கேட்டாள்.

"தெரியுமா அத்தே? முன்னாடியே தெரியுமா?"

கிண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே பதிலாகப் போயிற்று.

பன்னிரண்டு நாள் ஒரு குளம்பும் சதுப்போரம் வரவில்லை. கோரையும் நாணலும்கூட நுனியை விலக்கிக்கொண்டு நின்றன. பதின்மூன்றாம் நாள் காலையில் விதைகள் முற்றி உதிர்ந்தன. ஐந்து வருடமாக அவள் காத்துக் கிடந்தது இதற்குத்தான். ஈர மண்ணில் கொத்தாக விழுந்தன, புதைந்தன. அழலாம், ஆடலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அவள் காதில் விழுந்ததோ மேட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சத்தம். புஸ் புஸ்ஸென்று கன்று மூச்சு இழுக்கும் சத்தம்.

சுட்டிக்குக் கன்று பிறந்திருந்தது. வாய்ப் புண் ஆறாததால் அவளால் புல்லைக் கடிக்க முடியவில்லை. மடி வற்றிக் கிடந்தது. கொஞ்ச நஞ்சம் ஊறிய பாலும் கசந்தது. கன்று ஒரு சப்புச் சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மற்ற எருமைகள் அடுத்தவள் கன்றை மடியண்டை விடுவதில்லை. அதுவும் அவர்கள் வழக்கம்.

விரியன் வெயிலுக்கு வந்தபோது கிண்ணி கெஞ்சினாள். "அண்ணே, விதை விழுந்தாச்சு. விஷத்தைத் திருப்பி எடுத்துக்கங்க. என் உடம்பை அந்தப் பொண்ணுக்குக் குடுக்கணும்."

"குடுத்த விஷத்தைத் திருப்பி எடுக்க எனக்குத் தெரியாது தங்கச்சி. உன்கிட்ட ஈரம் இருக்கிறவரைக்கும் அது இருக்கும். ஈரம் சுண்டினா அதுவும் கூடச் செத்துடும். உசுரோட இருக்கிறவளுக்குத்தானே பகை வேணும்? செத்தவளுக்கு எதுக்கு?"

கிண்ணி அன்றைக்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். சித்திரை வெயில் சுள்ளென்று அடித்தது. சதுப்பில் நின்றுகொண்டே, காலடியில் தண்ணீரை வைத்துக்கொண்டே காய்ந்தாள். இலை சுருங்கியது, தண்டு சருகானது. நாலாம் நாள் குரல் மட்டும்தான் மிச்சம். அதைக்கொண்டு கூப்பிட்டாள்.

"சுட்டி, வாம்மா. இப்ப சுடாது. காஞ்ச இலை, நாக்குல வெச்சா பொடியாயிடும், கடிக்கவே வேண்டாம். சாப்பிட்டுட்டுப் போய்க் கன்னுக்குப் பால் குடு."

சுட்டி வந்தாள். எலும்பும் தோலுமாகத்தான் வந்தாள். அருகில் வந்து முகர்ந்தாள். பழைய தித்திப்பு வாசனை. வாயைத் திறக்கப் பார்த்தாள். உதடு வெடவெடவென்று நடுங்கியது. மறுபடி திறக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நீங்க நெசம்தான் சொல்றீங்க அத்தே. எனக்குத் தெரியுது. என் வாய்தான் நம்ப மாட்டேங்குது."

சொல்லிவிட்டுத் திரும்பி மேட்டைப் பார்த்து நடந்தாள். "ஒரு வாய்டி, ஒரே ஒரு வாய்" என்று கிண்ணி கதறியது அவள் முதுகில்தான் பட்டது. அன்றைக்குச் சாயங்காலம் மேட்டில் அந்தப் புஸ் புஸ் சத்தம் நின்றுபோனது.

அதற்கப்புறம் கரியாள் வந்தாள். காய்ந்து நிற்கிறவளைக் கண்டதும் மூக்கில் வேர்த்துவிட்டதோ என்னவோ, நுனி நாக்கால் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. இன்னொரு நக்கு. அதுவும் சுடவில்லை. பிறகு மொறுமொறுவென்று இலை, தண்டு, காம்பு எல்லாவற்றையும் மென்று தீர்த்தாள். "பழைய ருசி அப்படியே இருக்கு" என்று ஏப்பம் விட்டுக்கொண்டு போனாள். யாருக்காகக் கிண்ணி விஷம் வாங்கினாளோ, அந்தக் கரியாளுக்கு ஒரு கொப்புளமும் வரவில்லை.

அடுத்த பங்குனியில் சதுப்போரம் முழுக்கக் கிண்ணிகள் பூத்தன. ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில், பார்க்கிற இடமெல்லாம் மஞ்சள். ஆனால் மூக்கை உரசி அத்தே என்று கூப்பிட ஒரு கன்றும் அந்தப் பக்கம் வரவில்லை.

அன்று முதல்தான், பச்சைக் கிண்ணியில் வாய் வைத்த மாடு நாக்குக் கொப்புளித்து அலறுகிறது. அதே கிண்ணி காய்ந்து சருகானால், எந்த மாடும் அதை வைக்கோலோடு வைக்கோலாக மென்றுவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறது.